ஆனி பிறக்கும் முன் ஒரு முடிவு வேண்டும்: கொசுப்புழு ஒழிப்பில் வேம்பைச் சோதித்துப் பார்க்கக் கோரும் திறந்த மடல்

பெறுநர்: தமிழ்நாடு பொது சுகாதாரம் மற்றும் நோய்த்தடுப்பு மருந்துத் துறை இயக்குநர் அவர்கள், நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி மன்றங்களின் தலைவர்கள், ஆணையர்கள், செயல் அலுவலர்கள்.

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம். வரும் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாக, சாக்கடைகளிலும் கழிவுநீர்க் குட்டைகளிலும் கழிவு எஞ்சின் ஆயிலில் ஊறிய பந்துகளைப் போடும் வழக்கத்தை நிறுத்திவிட்டு, அந்த இடங்களில் தரம் அறியப்பட்ட வேம்பு சார்ந்த கொசுப்புழுக்கொல்லி ஒன்றைச் சில வார்டுகளிலாவது ஒரு பருவம் முழுவதும் முறையாகச் சோதித்து, அதன் முடிவு எதுவாக இருந்தாலும் பொதுமக்களுக்கு வெளியிட வேண்டும் என்று கேட்டே இம்மடலை எழுதுகிறேன். பள்ளியில் விலங்கியல் கற்பித்து ஓய்வுபெற்றவன் நான். மழைக்காலத்தில் எங்கள் ஊரின் கொசுப்புழு ஒழிப்புப் பணியாளர்களுடன் தெருத்தெருவாகச் சென்று நீர்த்தேக்கங்களைப் பார்வையிடும் பழக்கம் எனக்கு உண்டு. அங்கு கண்டவற்றையும் பூச்சியியல் நூல்களில் படித்தவற்றையும் சேர்த்து வைத்தே பேசுகிறேன்.

முதலில் அந்த ஆயில் பந்துகளைப் பற்றி. பழைய துணியையோ மரத்தூளையோ பொட்டலமாகக் கட்டி, வண்டிப் பட்டறையில் வடித்த கழிவு ஆயிலில் ஊறவைத்துத் தேங்கிய நீரில் எறிகிறார்கள். எண்ணெய் மெல்லக் கசிந்து நீரின் மேல் படலமாகப் பரவுவதால், மூச்சுக்குழாயை மேற்பரப்புக்கு நீட்டி உயிர்க்கும் கொசுப்புழு மூச்சடைத்து இறக்கிறது. இதன் பின்னுள்ள அறிவியல் சரியானதே; நூறாண்டுக்கும் மேலாக உலகெங்கும் எண்ணெய்ப் படலத்தைக் கொண்டு கொசுவைக் கட்டுப்படுத்தியிருக்கிறார்கள். பிழை, எண்ணெயின் தேர்வில் இருக்கிறது. ஓடிய எஞ்சினிலிருந்து வடித்த ஆயிலில் தேய்ந்த உலோகத் துகள்களும் எரிதலில் உண்டான நச்சு ஹைட்ரோகார்பன்களும் கலந்திருக்கும். அவற்றுள் பல எளிதில் சிதைவதில்லை. நாம் இன்று சாக்கடையில் போடும் பந்து, ஐப்பசி அடைமழையில் அடித்துச் செல்லப்பட்டு வாய்க்காலுக்கும், அங்கிருந்து ஏரிக்கும் வயலுக்கும் போய்ச் சேர்கிறது. கொசுவைத் தடுக்கிறோம் என்ற பெயரில் ஒரு நீர்நிலையைக் கெடுப்பதற்கு எந்த உள்ளாட்சி மன்றமும் மனமறிந்து சம்மதிக்காது. மலிவாகக் கிடைக்கிறது என்பதாலும், மாற்று எது என்று யாரும் உறுதியாகச் சொல்லவில்லை என்பதாலுமே இது தொடர்கிறது என்று நம்புகிறேன்.

தாவரத்திலிருந்து எடுக்கும் பூச்சிக்கொல்லி உங்கள் துறைக்குப் புதியது அன்று. டெங்கு கண்ட வீட்டிலும் அக்கம்பக்கத்து வீடுகளிலும் உள்ளறைகளில் தெளிக்கப் பரிந்துரைக்கப்படும் பைரித்ரம், செவ்வந்தி இனத்தைச் சேர்ந்த ஒரு செடியின் உலர்ந்த பூவிலிருந்து எடுக்கப்படும் சாறுதான். 2 சதவீதச் சாறு ஒரு பங்குக்கு மண்ணெண்ணெய் 19 பங்கு என்ற தேசியத் திட்டத்தின் கணக்கு உங்கள் பணியாளர்களுக்கு மனப்பாடம். ஒளி பட்டால் அதிலுள்ள பைரித்ரின் என்னும் கொல்லும் பொருள் விரைவில் சிதைந்துவிடுகிறது என்ற குறையை நீக்க முனைந்த வேதியியலாளர்களின் உழைப்பிலிருந்தே இன்றைய கொசுவர்த்திச் சுருளிலும் திரவ மருந்துகளிலும் உள்ள செயற்கைப் பைரித்ராய்டுகள் பிறந்தன. ஆகவே, 'மூலிகை மருந்தெல்லாம் அறிவியலுக்குப் புறம்பு' என்று ஒதுக்குவோரும், 'இயற்கையில் விளைந்தது எதுவும் தீங்கு செய்யாது' என்று நம்புவோரும் ஒரே அளவில் தவறு செய்கிறார்கள். ஒரு பொருளை அது எங்கே விளைந்தது என்பதைக் கொண்டு எடைபோடாமல், எந்தக் கொசுவின் மீது, எந்த நீரில், எந்த அளவில், எத்தனை நாள் வேலை செய்கிறது என்பதைக் கொண்டு எடைபோடுவதே துறைக்கு அழகு.

வேம்பை அப்படி எடைபோட வேண்டுமானால், அது கொல்லும் விதத்தை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். கொசுப்புழு ஒழிப்பில் வேம்பு பல இடங்களில் கைவிடப்பட்டதற்கு அந்த விளக்கம் இல்லாமையே பெரிய காரணம் என்பது என் கருத்து. அபேட் என்று நாம் அழைக்கும் டெமிபாஸ் என்னும் கொசுப்புழு மருந்து, புழுவின் நரம்பைத் தாக்குகிறது. இன்று ஊற்றினால் நாளைக்குள் புழுக்கள் செத்துக் கிடக்கும். வேப்பங்கொட்டையிலுள்ள அசாடிராக்டின் என்னும் பொருளோ நரம்பைத் தொடுவதில்லை. 1968இல் பிரித்தெடுக்கப்பட்ட இப்பொருளின் சிக்கலான அமைப்பை அறியவே வேதியியலாளர்களுக்குப் பல ஆண்டுகள் பிடித்தன. ஆய்வகத்தில் அதை முழுமையாகத் தொகுத்துச் செய்தது 2007இல்தான். பூச்சி தன் தோலை உரித்து அடுத்த பருவத்திற்கு வளரக் காரணமான சுரப்பின் ஒழுங்கை அது குலைக்கிறது. எனவே புழு உடனே சாவதில்லை. நெளிந்துகொண்டே இருக்கும், ஆனால் அடுத்த தோலை உரிக்க முடியாமலோ, கூட்டுப்புழுவாக மாறும் வேளையிலோ, கூட்டிலிருந்து கொசுவாக வெளிவரும் வேளையிலோ மடியும். சிறகு முறுக்கிய நிலையில் நீரின் மேல் கிடக்கும் பாதிக் கொசுக்களைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

இப்போது நம் நடைமுறையை எண்ணிப் பாருங்கள். மருந்து ஊற்றிய மறுநாள் மேற்பார்வையாளர் வருகிறார், கரண்டியால் நீரை அள்ளுகிறார், புழு நெளிகிறது, 'மருந்து வேலை செய்யவில்லை' என்று பதிவேட்டில் எழுதுகிறார். அத்துடன் வேம்பின் கதை முடிந்துவிடுகிறது. அதே குட்டையில் ஆறேழு நாள் கழித்துக் கூட்டுப்புழுக்களை எண்ணி, அவற்றில் சிலவற்றை வலை மூடிய கண்ணாடிக் குடுவையில் வைத்து எத்தனை கொசுக்கள் பறந்து வெளிவருகின்றன என்று பார்த்திருந்தால், அந்தத் தீர்ப்பு வேறாக இருந்திருக்கக்கூடும். மனிதரைக் கடிப்பதும் நோயைக் கடத்துவதும் வளர்ந்த பெண்கொசு மட்டுமே. ஆகவே வளர்ச்சியைத் தடுக்கும் மருந்தை, வெளிவரும் கொசுவின் எண்ணிக்கையால் அளப்பதே நேர்மையான அளவு. உலக சுகாதார நிறுவனத்தின் சோதனை வழிகாட்டு நெறிகளும் வளர்ச்சித் தடை மருந்துகளுக்கு இம்முறையையே வகுத்திருக்கின்றன. நெறிமுறை நூலில் இருப்பது எங்கள் ஊர்ப் பதிவேட்டின் கட்டங்களுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

நம் கல்லூரிகளின் ஆய்வகங்களில் இவ்வகைச் சோதனைகளுக்குப் பஞ்சமே இல்லை. நொச்சி, துளசி, புங்கம், ஆடாதொடை, எருக்கு, சீத்தா என்று நம் வேலியோரத்தில் நிற்கும் செடிகளில் பலவற்றின் சாறும் ஏதோ ஒரு குவளையில் கொசுப்புழுக்களின் மேல் ஊற்றிப் பார்க்கப்பட்டிருக்கும். தூய நீர் நிறைந்த குவளையில் 24 மணி நேரத்தில் பாதிப் புழுக்களைக் கொல்லும் செறிவைக் கண்டுபிடித்துக் கட்டுரையும் வெளியாகிவிடும். வெயில் விழும், சோப்பு நீரும் சாணமும் கலந்த, நாளும் புது நீர் வந்து சேரும் சாக்கடைக்கு அந்தச் சாறு பொருந்துமா என்ற அடுத்த கேள்வியைக் கேட்க அந்த மாணவரிடம் காலமும் இல்லை, பணமும் இல்லை. அதைக் கேட்கும் வசதி அரசுத் துறையிடம்தான் இருக்கிறது.

ஒருமுறை அந்தக் கேள்வி நம் மண்ணிலேயே சரியாகக் கேட்கப்பட்டது. அதை நினைவூட்ட விரும்புகிறேன். இந்தியாவில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் முதன்முதலில் கண்டறியப்பட்டது 1955இல், வேலூரில். அந்நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் இனக் கொசுக்கள் நீர் கட்டிய நெல்வயல்களில் பெருகுகின்றன. பரந்த வயல்வெளி முழுவதும் வேதி மருந்து தெளிப்பது செலவிலும் சூழலிலும் தாங்காது என்பதால், மதுரையில் இயங்கிய மருத்துவப் பூச்சியியல் ஆராய்ச்சி மையத்தின் அறிவியலாளர்கள் 1990களின் முற்பகுதியில் வேறொரு வழியைச் சோதித்தார்கள். வேப்பம் புண்ணாக்கு பூசிய யூரியாவை வயலுக்கு இட்டு, கூடவே வயலை இடையிடையே காயவிட்டு நீர் பாய்ச்சும் முறையையும் கையாண்டு, கொசுப்புழுக்கள் குறைவதை வயலிலேயே அளந்து காட்டினார்கள். உழவர் எப்படியும் இடப்போகும் உரத்தோடு சேர்ந்தே கொசுக் கட்டுப்பாடும் நடந்துவிடும் அந்த ஏற்பாட்டின் எளிமையை வியக்காமல் இருக்க முடியவில்லை. 2015க்குப் பின் நாட்டின் யூரியா முழுவதும் வேப்பெண்ணெய் பூசப்பட்டே வருகிறது என்றாலும், அதிலுள்ள வேப்பெண்ணெய் மிகச் சிறிய அளவே. தழைச்சத்து வீணாவதைக் குறைக்கவும் யூரியா வேறு தொழிலுக்குக் கடத்தப்படுவதைத் தடுக்கவும் சேர்க்கப்பட்டது அது. கொசுவுக்கும் அது போதும் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது.

அதே அளவு கண்டிப்புடன், வேம்பு எங்கே கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். டெங்குவையும் சிக்குன்குனியாவையும் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையை நாடுவதில்லை. சிமென்ட் தொட்டி, பீப்பாய், குடம், டயர், பயன்படாத ஆட்டுக்கல், தேங்காய்ச் சிரட்டை எனத் தெளிந்த நீர் தேங்கும் இடங்களிலேயே முட்டையிடுகிறது. அந்த முட்டை நீர் வற்றிய பின்னும் பாத்திரத்தின் சுவரில் ஒட்டியபடி மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். குடிக்கவும் சமைக்கவும் எடுக்கும் நீரில் வேப்பெண்ணெய்க் கரைசலை ஊற்ற யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். கசப்பும் நாற்றமும் ஒருபுறம் இருக்க, அப்பயன்பாட்டுக்கு அது ஏற்கப்பட்ட மருந்தன்று. அங்கே வாரம் ஒருமுறை தொட்டியைக் காலி செய்து சுவரைத் தேய்த்துக் கழுவிக் காயவைப்பதும், மூடியும் வலையும் இடுவதும், தவிர்க்க முடியாத இடத்தில் அளவறிந்து அபேட் இடுவதும், பி.டி.ஐ. என்னும் பாக்டீரிய மருந்தைப் பயன்படுத்துவதும் தொடர வேண்டும். ஒரே மருந்தால் எல்லாக் கொசுவையும் ஒழித்துவிடலாம் என்று சொல்லும் எவரையும் துறை நம்ப வேண்டாம். அவர் வேம்பின் பெயரால் பேசினாலும் சரி.

இயற்கைப் பொருளும் நஞ்சாகும் என்பதற்குச் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. கைக்குழந்தைகளுக்கு வேப்பெண்ணெயை வாய்வழியாகப் புகட்டியதால் வலிப்பும் ஈரல், மூளைப் பாதிப்பும் ஏற்பட்ட நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. புகையிலையின் நிக்கோட்டின் மனிதருக்கே கடும் நஞ்சு. சில கொடிகளின் வேரிலிருந்து கிடைக்கும் ரோட்டினோனும் நம் பைரித்ரமும் மீனைக் கொல்லும். மாட்டுத் தொழுவத்தில் வேப்பிலையும் நொச்சித் தழையும் போட்டு மூட்டம் இடுவது எங்கள் பக்கத்தில் இன்றும் உண்டு. மாட்டுக்கு அது ஓரளவு நிம்மதி தரலாம். ஆனால் அதே புகையை மூடிய வீட்டுக்குள் குழந்தை தூங்கும் இடத்தில் இடுவது நுரையீரலுக்குக் கேடு. இந்த எச்சரிக்கைகளைத் துறையே முன்வந்து சொன்னால்தான், தாவர மருந்துகளைப் பற்றித் துறை சொல்லும் நல்ல சொல்லுக்கும் மதிப்பிருக்கும்.

இங்கே நொச்சியையும் குறிப்பிட்டாக வேண்டும். 2010களின் முற்பகுதியில் சென்னையில் நீர்வழிக் கரைகளில் நடுவதற்கென்று நொச்சிச் செடிகள் பெருமளவில் முன்னெடுக்கப்பட்டன. நொச்சி இலையின் சாறும் எண்ணெயும் கொசுவை விரட்டும் தன்மை உடையவை என்பது ஆய்வகத்தில் கண்ட உண்மை. ஆனால் அந்தப் பொருள் இலையைக் கசக்கும்போதும் வடிக்கும்போதும் வெளிப்படுவது. கரையில் சும்மா நிற்கும் செடி தெருவைக் காக்கும் என்பதற்கு அதைச் சான்றாகக் கொள்ள முடியாது. நொச்சி நல்ல செடி, கரையில் நிற்கட்டும். கொசு ஒழிப்புக் கணக்கில் மட்டும் அதை எழுத வேண்டாம். தைல மரங்களிலும் இதே குழப்பம் உண்டு. எலுமிச்சை வாசமுள்ள தைல மரவகையிலிருந்து பெறப்படும் பி.எம்.டி. என்னும் பொருள் உடலில் பூசிக்கொள்ளும் விரட்டியாக அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தாலேயே ஏற்கப்பட்டது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு மட்டும் கூடாது. நீலகிரியில் காய்ச்சி விற்கும் வழக்கமான யூகலிப்டஸ் தைலம் வேறு மரத்தினது, அதன் கூறுகளும் வேறு. இரண்டும் ஒன்றென்று நினைத்து வாங்குவோர் ஏராளம். கடைகளில் 'மூலிகை' என்று எழுதி விற்கும் கொசுவிரட்டி ஊதுவத்திகளிலும் பதிவு பெறாத செயற்கைப் பைரித்ராய்டுகள் கலந்திருப்பதாகச் செய்திகள் வந்துள்ளன. அவற்றின் மாதிரிகளை எடுத்துச் சோதிக்கச் சொல்ல வேண்டிய பொறுப்பும் அரசுக்கு உண்டு.

இவ்வளவு வரம்புகளைச் சொல்லிவிட்டு வேம்பை ஏன் வற்புறுத்துகிறாய் என்று நீங்கள் கேட்கலாம். எதிர்ப்பாற்றல் என்ற ஒரே சொல்லில் என் கவலை அடங்கும். 1960களில் ஏறக்குறைய அடங்கிவிட்ட மலேரியா, டி.டி.டி.க்குக் கொசு பழகிக்கொண்டது உள்ளிட்ட பல காரணங்களால், 1976இல் அறுபது லட்சத்தைத் தாண்டிய நோயாளிகளாகத் திரும்பி வந்த வரலாறு உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பிரேசிலில் ஏடிஸ் கொசு டெமிபாஸுக்கு எதிர்ப்பாற்றல் பெற்றுவிட்டது 1990களின் இறுதியில் தெரியவந்ததும், அந்நாடு பி.டி.ஐ.க்கும் வளர்ச்சித் தடை மருந்துகளுக்கும் மாற வேண்டியதாயிற்று. ஒரே மருந்தை ஒவ்வோர் ஆண்டும் ஒவ்வொரு தெருவிலும் ஊற்றும் எந்த நாட்டுக்கும் இது வரும். வேப்பங்கொட்டைச் சாற்றில் அசாடிராக்டின் மட்டுமின்றி அதன் உறவுச் சேர்மங்கள் பலவும் உள்ளன. பயிர்ச்சாற்றை உறிஞ்சும் அசுவினிப் பூச்சிகளில் 40 தலைமுறைகள் தொடர்ந்து நடத்திய ஓர் ஆய்வில், தூய அசாடிராக்டினுக்குப் பூச்சி எதிர்ப்பாற்றல் பெற்றது. பல சேர்மங்கள் சேர்ந்த வேப்பங்கொட்டைச் சாற்றுக்கோ பெறவில்லை. அசுவினிக்குப் பொருந்தியது கொசுவுக்கும் அப்படியே பொருந்தும் என்று உறுதி கூற முடியாது. ஆனால் சோதித்துப் பார்க்கத் தூண்டும் அளவுக்கு வலுவான குறிப்பு அது. சாக்கடையில் வேம்பு பயன்பட்டால், குடிநீர்த் தொட்டிக்கு நாம் நம்பியிருக்கும் மருந்துகளின் ஆயுளும் நீளும்.

வேம்பின் குறைகள் சாக்கடையில் அவ்வளவு பெரிதாகத் தெரியாது என்பதும் என் எண்ணம். வெயிலில் விரைவில் சிதைகிறது என்பது பயிருக்குக் குறை. சாக்கடையிலோ அடுத்த மழையில் ஏரிக்குப் போகும்போது நஞ்சாக எஞ்சாது என்று பொருள். அதற்கு ஈடாக வாரந்தோறும் மீண்டும் இட வேண்டியிருக்கும். இட்டதும் இடாததும் ஒன்றுபோல் ஆகும் நாள் எது என்பதையே சோதனை கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். அளவு மீறினால் மீனுக்கும் தீங்கு உண்டு என்பதால், மீன் விட்ட குளங்களை இதிலிருந்து விலக்கி வைக்க வேண்டும்.

பருவத்தைப் பாருங்கள். நம் ஊர்களில் வேப்பம்பழம் ஆனி, ஆடியில் உதிர்கிறது. பயிர்ப் பாதுகாப்புக்கு வேப்பங்கொட்டைக் கரைசல் தயாரிக்கும் உழவர்களுக்கு வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் அறிவுரை, சேமித்து மூன்று மாதம் ஆன கொட்டையைப் பயன்படுத்த வேண்டும், எட்டுப் பத்து மாதத்தைக் கடந்ததை விலக்க வேண்டும் என்பது. ஆனியில் பொறுக்கிச் சதை நீக்கி நிழலில் உலர்த்திய கொட்டை, புரட்டாசி ஐப்பசியில், மழை தொடங்கிச் சாக்கடைகள் நிரம்பும் அதே வாரங்களில் பயன்பாட்டுக்கு வருகிறது. நோயின் காலமும் மருந்தின் காலமும் இப்படிப் பொருந்தி வரும்போது அதை விட்டுவிடுவது நமக்கு நட்டம். பொறுக்கும் வேலையை நூறுநாள் வேலைக்கும் மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கும் உரியதாக்கலாமா என்பதைத் துறைகள் கூடிப் பேசி முடிவு செய்யலாம். ஈரத்தோடு மூட்டை கட்டினால் பூஞ்சணம் பிடித்துக் கொட்டை பாழாகும்; மரத்துக்கு மரம், ஊருக்கு ஊர் அசாடிராக்டினின் அளவும் மாறும். எனவே வீட்டுக்கு வீடு அரைத்துக் கரைத்து ஊற்றும் முயற்சியாக இதைத் தொடங்காமல், கொட்டையை ஓரிடத்தில் சேர்த்து, அளவிட்டு, ஒரே தரமான தயாரிப்பாக்கிய பிறகே தெருவுக்கு அனுப்ப வேண்டும்.

சோதனைக்குப் புதிய நிறுவனம் எதுவும் வேண்டியதில்லை. ஓசூரில் உங்கள் துறையின் கீழ் நோய்ப்பரப்பிகள் கட்டுப்பாட்டுக்கான நிறுவனம் இருக்கிறது. மண்டலப் பூச்சியியல் குழுக்கள் இருக்கின்றன. 1981 முதல் 1985 வரை புதுச்சேரி நகரில் யானைக்கால் நோய்க் கொசுவை ஒருங்கிணைந்த முறையில் கட்டுப்படுத்திக் காட்டிய ஆராய்ச்சி மையம் அண்டையிலேயே இருக்கிறது. சாக்கடை அமைப்பில் ஒத்த சில வார்டுகளைத் தேர்ந்து, சிலவற்றில் வேம்பும், சிலவற்றில் வழக்கமான மருந்தும், சிலவற்றில் தூர்வாருதல் மட்டுமே என்றும் பிரித்து, எல்லாவற்றிலும் கூட்டுப்புழுவையும் வெளிவரும் கொசுவையும் ஒரே முறையில் எண்ண வேண்டும். எண்ணுபவருக்கு எந்த வார்டில் எது இடப்பட்டது என்பது தெரியாமல் இருந்தால் இன்னும் நல்லது. 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி, பயிருக்கெனப் பதிவான தயாரிப்பைச் சாக்கடைக்குத் திருப்பிவிடுவது முறையாகாது என்பதால், சோதனைக்கு வேண்டிய அனுமதியை முன்கூட்டியே பெற்றாக வேண்டும். கையுறையும் காலணியும்கூட ஒழுங்காகக் கிடைக்காத தினக்கூலிப் பணியாளர்களின் தோளில் இன்னொரு தெளிப்பானை ஏற்றும் முன், அவர்களுக்கான பாதுகாப்புப் பொருள்களையும் இச்சோதனையின் செலவுக் கணக்கிலேயே சேர்க்க வேண்டும் என்பதையும் வலியுறுத்துகிறேன். புழுக்களைத் தினமும் பார்ப்பவர்கள் அவர்கள்தான். கூட்டுப்புழுவுக்கும் புழுவுக்கும் உள்ள வேறுபாட்டை அரை நாள் பயிற்சியில் கற்றுக்கொண்டு நம் எல்லோரையும்விடச் சரியாக எண்ணுவார்கள்.

ஆயில் பந்துகளை நிறுத்துவதற்கு எந்தச் சோதனையின் முடிவுக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு சுற்றறிக்கையே போதும். வேம்பைப் பொறுத்தவரை, கொட்டை சேகரிப்புக்கான ஆணை வைகாசிக்குள் வந்தால் மட்டுமே ஆனியில் உதிரும் பழம் மண்ணில் மட்கிப் போகாமல் நம் கைக்கு வரும். ஆடி கடந்தபின் வரும் ஆணையால் இன்னோர் ஆண்டு காத்திருக்க நேரிடும். ஆகவே, சோதனைக்குரிய வார்டுகளையும், சேகரிப்பு மையங்களையும், முடிவுகள் வெளியிடப்படும் நாளையும் குறிப்பிட்டு, வைகாசி முடியும் முன் ஓர் அறிவிப்பை வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர் ஒருவர்,
காவிரிப் படுகை.